மட்சுயேயில் ஒரு வாடகை வீடு

ஒகாயாமாவிலிருந்து மலைகளைக் குறுக்காகக் கடந்து மட்சுயேவுக்குப் போகும் விரைவு ரயிலுக்கு 'யாகுமோ' என்று பெயர். பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். எட்டு அடுக்கு மேகம் என்று பொருள்படும் அச்சொல், இசுமோ என்ற பழைய நாட்டுக்குக் கவிதையில் வழங்கிவந்த அடைமொழி. 1896இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஓர் ஐரோப்பியர் இதே சொல்லைத் தம் பெயராக வைத்துக்கொண்டார். ரயிலின் பெயர் அவரைக் குறித்தது அன்று. ரயிலும் அவரும் ஒரே சொல்லைத் தனித்தனியாகக் கடன் வாங்கியவர்கள். கொய்சுமி யாகுமோ ஆவதற்கு முன் லாஃப்காடியோ ஹேர்ன் என்று அறியப்பட்ட அம்மனிதர் மட்சுயேயில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு வீட்டையும் அதன் தோட்டத்தையும் காணவே நாம் அந்த ரயிலில் ஏறினோம். பிப்ரவரி மாதம். மலைப்பகுதியில் சன்னலுக்கு வெளியே பனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மட்சுயே, ஷிஞ்ஜி ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள கோட்டை நகரம். 1611இல் கட்டி முடித்த கோட்டையின் கருநிற நடுக்கோபுரம் இன்றும் நிற்கிறது. கோட்டைக்கு வடக்கே அகழியை ஒட்டிச் செல்லும் ஒரு தெரு; ஒருபுறம் நீரின் மேல் சாய்ந்த முதிய பைன் மரங்கள், மறுபுறம் ஓடு வேய்ந்த மதில்கள். ஷியோமி நவாதே என்பது தெருவின் பெயர். ஷியோமி என்ற உயர்நிலைச் சாமுராய் ஒருவர் இங்கே வாழ்ந்ததால் வந்த பெயர் அது. (இந்தக் குடும்பப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வேறோர் இடத்தில் எதிர்ப்படும்.) ஹேர்ன் நினைவு அருங்காட்சியகமும், 'புகே யாஷிகி' எனப்படும் பழைய சாமுராய் வீடும், நாம் தேடிவந்த வீடும் இத்தெருவிலேயே சில நிமிட நடைத் தொலைவில் அடுத்தடுத்து இருக்கின்றன.

வாயிலில் சீட்டு வாங்கி, காலணிகளைக் கழற்றி, உள்ளே ஏறியதும் முதலில் எழுந்த உணர்வு சிறு ஏமாற்றம்தான். எதிர்பார்த்ததைவிட எல்லாம் சிறியதாக இருந்தது. பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பவை ஹேர்ன் புழங்கிய சில அறைகள் மட்டுமே. வீட்டின் மற்ற பகுதி கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. பாய் விரித்த அறை, வெற்றுச் சுவர், தாள் ஒட்டிய நகர்த்து கதவுகள், அவற்றுக்கு அப்பால் எங்காவா என்ற மரத்தாழ்வாரம், அதற்கும் அப்பால் தோட்டம். அறைகலன் என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். சிலர் அப்படித்தான் போனார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் வீடு விளங்கத் தொடங்கியது. இந்தத் தோட்டம் நடந்து சுற்றுவதற்காக அமைந்ததன்று. பாயின் மேல் மடங்கி அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அளந்து செய்தது. நிற்கும்போது மதிலும் அதற்குப் பின்னுள்ள பிற கூரைகளும் கண்ணில் பட்டுக் காட்சியைக் குலைக்கின்றன. அமர்ந்ததும் கூரையின் தாழ்ந்த இறவாணம் வானத்தை வெட்டிவிட, மதிலின் மேல்விளிம்பு மரங்களுக்குள் மறைய, எஞ்சி நிற்பவை கல், பாசி, மணல், ஒரு கல்விளக்கு, சில மரங்கள். நடு அறையில் அமர்ந்தால் மூன்று பக்கமும் தோட்டம். கதவுகளை நீக்கிவிட்டால் அறைக்கும் வெளிக்கும் இடையே தூண்களைத் தவிர எதுவும் இல்லை. எங்காவாவைப் பார்த்ததும் நம்மவர்களுக்குத் திண்ணை நினைவுக்கு வரும். ஆனால் திண்ணை தெருவைப் பார்த்துத் திறந்திருப்பது, வழிப்போக்கனுக்கும் இடம் தருவது. இது தெருவுக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறது.

வீடு நெகிஷி என்ற சாமுராய்க் குடும்பத்துக்கு உரியது. மட்சுயேயை ஆண்ட மட்சுதைரா பிரபுக்களிடம் பணியாற்றிய குடும்பம். தோட்டத்தை அமைத்தவர் நெகிஷி கொய்ஷி. அமைத்த ஆண்டு 1868. இந்த ஆண்டைப் படித்ததும் நாம் சற்றுத் தயங்கி நின்றோம். 1868 மெய்ஜி மீட்சியின் ஆண்டு. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த தொகுகாவா ஆட்சி கவிழ்ந்து, ஒரு சமூக அமைப்பே சரியத் தொடங்கிய ஆண்டு. 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. 1876இல் சாமுராய்களின் பரம்பரை மானியம் கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டு நின்றுபோனது. அதே ஆண்டில் பொது இடத்தில் வாள் அணிவதும் தடையாயிற்று. தன் வகுப்பின் காலம் முடிகிற அந்த ஆண்டில் ஒரு சாமுராய் கற்களைத் தேர்ந்து, பாசி படரவிட்டு, தலைமுறைகளுக்குப் பிறகு முழு உருவம் பெறப்போகும் மரங்களை நட்டுக்கொண்டிருந்தார். வரப்போவது தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்பதைத் தோட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

கோட்டையின் கதையும் அக்காலத்தைப் புரிய வைக்கும். 1875இல் மட்சுயேக் கோட்டையின் கட்டடங்களைப் புதிய அரசு ஏலத்துக்கு விட்டது. மற்றவை எல்லாம் இடிபட்டன. நடுக்கோபுரத்துக்குக் கிடைத்த விலை 180 யென். மரமும் இரும்பும் பிரித்தெடுத்து விற்பதற்கான விலை அது. கட்சுபே மொதோயெமோன் என்ற பெருநிலக்கிழாரும் தகாகி கொன்பாச்சி என்ற முன்னாள் சாமுராயும் அதே தொகையை அரசுக்குக் கட்டி இடிப்பைத் தடுத்தனர். 2015இல் அக்கோபுரம் தேசியக் கருவூலம் என்ற தகுதியைப் பெற்றது. 180 யென் கட்டுவதற்கு இருவர் முன்வராத ஊர்களில் கோட்டைகள் இன்று வெறும் கல்மேடுகளாக இருக்கின்றன.

இந்தப் பின்னணியில் 1890 ஆகஸ்ட் இறுதியில் ஹேர்ன் மட்சுயேக்கு வந்து சேர்ந்தார். அவருடைய முன்கதை நீளமானது, சுருங்கச் சொல்வோம். 1850இல் கிரேக்கத் தீவான லெஃப்காதாவில், அயர்லாந்து இராணுவ மருத்துவருக்கும் கிரேக்கப் பெண்ணுக்கும் பிறந்தவர். டப்ளினில் பெரிய அத்தை ஒருவரிடம் வளர்ந்தார். பதினாறு வயதில் விளையாட்டில் நேர்ந்த விபத்தில் இடக்கண் பார்வை போயிற்று. பத்தொன்பது வயதில் கையில் காசில்லாமல் அமெரிக்காவில் இறங்கி, சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகையாளராக உழைத்து, மார்த்தினிக் தீவில் இரண்டாண்டு வாழ்ந்து, நாற்பதாவது வயதில் ஜப்பான் வந்தார். 1884இல் அவர் வெளியிட்ட, பல நாட்டுப் பழங்கதைகளை மறுபடி சொல்லும் நூலில் வேதாளக் கதை ஒன்றும் இருக்கிறது என்பதை விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நம் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கலாம். பேய்க்கதைகளின் மீது அவருக்கு இருந்த பற்று ஜப்பானில் தொடங்கியதன்று.

மட்சுயேயில் அவர் செய்த வேலை ஆங்கில ஆசிரியர் வேலை. மாதச் சம்பளம் நூறு யென். உள்ளூர்க் கணக்கில் பெருந்தொகை. முதலில் விடுதி, பிறகு ஏரிக்கரையில் ஒரு சிறு வீடு. 1890–91 குளிர்காலம் கடுமையாக இருந்தது, நோயில் படுத்தார். கோடைக்கு முன்னர், தோட்டத்தோடு கூடிய உண்மையான சாமுராய் வீடு ஒன்றில் குடியிருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. நெகிஷி வீட்டின் அப்போதைய உரிமையாளர் மாவட்ட அதிகாரியாகப் பணி ஏற்று வெளியூர் போயிருந்தார். மானியம் இழந்த சாமுராய் அரசு ஊழியராகி ஊரைவிட்டுப் போக, அவர் வீட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த வெளிநாட்டார் குடிவருகிறார். மெய்ஜி காலத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் இந்த வாடகை ஏற்பாட்டைச் சொல்லிவிடலாம்.

1891 கோடைத் தொடக்கத்திலிருந்து நவம்பர் வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்கள்தான் ஹேர்ன் இங்கே இருந்தார். அந்த ஐந்து மாதங்களிலிருந்து பிறந்தது, ஒரு ஜப்பானியத் தோட்டத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை. 1892இல் அமெரிக்காவின் 'அட்லாண்டிக்' இதழில் வெளிவந்து, 1894இல் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய முதல் ஜப்பானிய நூலில் சேர்ந்தது. பள்ளியில் ஐந்து மணி நேரம் கற்பித்த களைப்போடு வீடு திரும்பி, ஆசிரியர் உடையைக் கழற்றிவிட்டு ஜப்பானிய அங்கியை அணிந்து, நிழல் விழுந்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்ப்பதில் கிடைத்த நிறைவை அதில் எழுதுகிறார். ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு வருகிற எவருக்கும் இந்த இடம் விளங்கும். நமக்கு நன்றாகவே விளங்கியது.

கட்டுரை அன்றைய மேற்கத்திய வாசகருக்கு ஒரு செய்தியை முதலில் உடைத்துச் சொல்கிறது: ஜப்பானியத் தோட்டம் பூந்தோட்டம் அன்று. பூப்பாத்தியே இல்லாமல், சிலவேளை பசுமையே இல்லாமலும் அது தோட்டமாக இருக்க முடியும். அதைப் புரிந்துகொள்வதற்குக் கல்லின் அழகைப் புரிந்துகொள்ள வேண்டும். மனிதர் செதுக்கிய கல்லின் அழகை அன்று, இயற்கை வடித்த கல்லின் அழகை. ஒவ்வொரு கல்லுக்கும் தனிக் குணம் உண்டு என்று உணராதவருக்குத் தோட்டம் மூடிய புத்தகம்தான். பிறகு வீட்டைச் சூழ்ந்த தோட்டங்களை ஒவ்வொன்றாக வருணிக்கிறார். அவருக்கு மிகவும் பிடித்தது வடக்குப் பக்கத்துச் சிறு தோட்டம். நீலம் பாரித்த கூழாங்கற்கள், நடுவே குட்டிக் குளம், குளத்தில் குட்டித் தீவு, தீவில் குட்டி மலைகள், நூறாண்டு கடந்தும் ஓர் அடி உயரமே வளர்ந்த மரங்கள். குளத்தில் தாமரை. இலை விரிவதிலிருந்து பூ உதிர்வது வரை அந்தத் தாமரையை அவர் கவனித்திருக்கிறார்.

நாம் அமர்ந்து பார்த்தபோது தாமரை இல்லை. குளத்தின் ஓரத்தில் மெல்லிய பனி. இலையுதிர்த்த ஒரு மரத்தின் வழவழப்பான தண்டு. கல்விளக்கின் தலையில் ஒரு கைப்பிடி வெண்மை. அப்போதுதான் ஒன்று புலப்பட்டது: இந்த வீட்டில் ஹேர்ன் ஒரு குளிர்காலத்தையும் கழிக்கவில்லை. கோடைக்கு முன்னர் வந்து, பனிக்கு முன்னர் போய்விட்டார். இங்கே பிளம் பூத்ததையும் செர்ரி பூத்ததையும் அவர் கண்டிருக்க வழியில்லை. உலகம் இந்தத் தோட்டத்தை அறிவது அவருடைய கட்டுரை வழியாக. ஆனால் நமக்கு முன் இருந்தது அவர் காணாத தோட்டம். அதில் ஒரு சிறு விடுதலை இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் கட்டுரையை வைத்துக்கொண்டு சரிபார்க்கும் வேலை மிச்சம்.

கட்டுரையைத் திரும்பப் படிக்கையில் இன்னொன்றும் தோன்றுகிறது. எழுதியவர் ஒரு கண் இல்லாதவர். மற்றக் கண்ணும் கடுமையான கிட்டப்பார்வை கொண்டது. காகிதத்தை ஏறக்குறைய மூக்கில் தொடும்படி வைத்து எழுதுவார். அதற்காகச் செய்வித்த, வழக்கத்தைவிட மிக உயரமான மேசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூரத்தைப் பார்ப்பதற்கு மடக்குத் தொலைநோக்கி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்; அதுவும் அங்கே இருக்கிறது. இப்படிப்பட்டவர் இந்தத் தோட்டத்தை எவ்வளவு பார்த்திருப்பார்? கல்லையும் தாமரையையும் கிட்டப்போய்ப் பார்த்திருப்பார். மற்றதைக் காதால் அறிந்திருப்பார் என்றே நமக்குப் படுகிறது. கட்டுரையின் பெரும்பகுதி ஓசைகளுக்கு உரியது. மழைக்கு முன் தவளைகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பருவம் மாறி ஒலிக்கும் சில்வண்டு வகைகள், மலையோரத்து ஆந்தை, காட்டுப்புறாக்களின் கூவல், கூண்டில் பாடும் உகுயிசு. (உகுயிசு ஆளுநரின் மகள் அனுப்பிய பரிசு.) மட்சுயே நகரத்தைப் பற்றி அவர் எழுதிய வேறொரு கட்டுரையும் விடியலில் கேட்கும் ஓசைகளோடுதான் தொடங்குகிறது: அரிசி குற்றும் உலக்கை, கோயில் மணி, சூரியனை வணங்கிக் கைதட்டுவோர், பாலத்தின் மேல் மரச்செருப்புகள். அவரைக் காட்சி வருணனையின் மன்னராகக் கொண்டாடுவது வழக்கம். நாம் அதை ஒப்பவில்லை. அவர் கேட்டு எழுதியவர்.

தோட்டத்தில் பாம்புகளும் இருந்தன. அவை தவளைகளைப் பிடிக்க வந்தபோது, தவளையை விட்டுவிடும்படி தம் உணவுத்தட்டிலிருந்து எடுத்துப் பாம்புக்குப் போட்டாராம். இதைச் சொல்வது கட்டுரை அன்று. அவர் மனைவி செட்சு பின்னாளில் சொன்ன நினைவுக் குறிப்பு.

கட்டுரையின் முடிவுதான் இன்றைய பார்வையாளரைச் சங்கடப்படுத்துவது. இந்த வீட்டின் மீது தமக்கு அளவு மீறிய பற்று வந்துவிட்டதாகச் சொல்லும் ஹேர்ன், இதெல்லாம் நீடிக்காது என்று அறுதியிட்டுச் சொல்கிறார். இருப்புப்பாதையும் தொழிற்சாலையும் வரும், இத்தகைய தோட்டங்கள் அழியும், பழைய அமைதி போய்விடும். தம் தோட்டத்துக்கு அவர் முன்கூட்டியே இரங்கற்பா எழுதிவிட்டார் எனலாம்.

ஆனால் அந்த இரங்கற்பாவே தோட்டத்தைக் காப்பாற்றியது. வீட்டுக்காரரின் மகன் நெகிஷி இவாய் மட்சுயேப் பள்ளியில் ஹேர்னின் மாணவர். பிறகு ஹேர்ன் ஆசிரியராகப் போன குமாமோட்டோவிலும், தோக்கியோ பல்கலைக்கழகத்திலும் அவரிடமே படித்தார். ஜப்பான் வங்கியில் பணியாற்றினார். 1904 செப்டம்பரில் ஹேர்ன் இறந்த பிறகு, 1913இல் இவாய் வேலையை விட்டு ஊர் திரும்பி, இடையில் மாற்றங்கண்டிருந்த வீட்டுப் பகுதிகளை ஆசிரியர் குடியிருந்த காலத்து நிலைக்கு மீட்டார். 1930களில் பக்கத்திலேயே நினைவு அருங்காட்சியகம் எழுந்தது. 1940இல் வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. மட்சுயேயிலோ ஜப்பானின் பிற கோட்டை நகரங்களிலோ இதைப் போன்ற நடுத்தரச் சாமுராய் வீடுகள் எத்தனையோ இருந்திருக்கும். இதைவிடச் சிறந்த தோட்டங்களும் இருந்திருக்கும். அவற்றில் பலவற்றுக்குக் கட்டுரை எழுதுகிற வாடகைக்காரரும் கிடைக்கவில்லை, வங்கி வேலையை விட்டுவிட்டு வருகிற மகனும் கிடைக்கவில்லை.

இங்கே நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டை மீட்டது நல்ல செயல்தான். ஆனால் மீட்டது எந்த வீட்டை? நெகிஷிகள் தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டில் ஐந்து மாதம் மட்டுமே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்தை உருவாக்கிய கொய்ஷி விளக்கத்தாளில் ஒரு வரி. பெண்கள் சமைத்த, நூற்ற, பிள்ளை பெற்ற அறைகள் கதவுக்குப் பின்னால். வருகிறவர்கள் எல்லோரும் ஹேர்ன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து ஹேர்ன் பார்த்ததைப் பார்க்கிறார்கள். நாமும் அப்படித்தான் செய்தோம். காலத்தில் எதையேனும் நிறுத்தி வைக்க வேண்டுமானால் ஏதோ ஒரு நாளில்தான் நிறுத்த முடியும் என்று ஒருவர் வாதிடலாம். சரிதான். 1891இன் அந்த நாட்களைத் தேர்ந்தது இலக்கியம் என்பதில் இலக்கியம் கற்பிக்கும் நமக்குப் பெருமையும் கொஞ்சம் கூச்சமும் ஒருசேர வந்தன.

இதே தெருவிலுள்ள 'புகே யாஷிகி' இந்தக் குறையைச் சற்றே ஈடுசெய்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய அந்தச் சாமுராய் வீட்டுக்கு எழுத்தாளர் எவரின் பெயரும் ஒட்டவில்லை. அங்கே வெளிப்புறமாகச் சுற்றிவந்து அடுக்களை வரை பார்க்கலாம். விருந்தினரை அமர்த்தும் முன்னறைகளின் மரமும் கூரைவேலையும் ஒரு தரம். குடும்பத்தார் புழங்கிய பின்னறைகள் வேறு தரம். கௌரவம் எந்தக் கதவோடு முடிந்து சிக்கனம் எங்கே தொடங்கியது என்பதைக் கட்டடமே காட்டிவிடுகிறது. அந்த அடுக்களையைப் பார்த்த பிறகு ஹேர்ன் வீட்டின் மூடிய கதவுகள் இன்னும் உறுத்தின.

மூடிய கதவுக்குப் பின்னால் செட்சுவும் இருக்கிறார். கொய்சுமி செட்சு 1868இல் பிறந்தவர். அதாவது நாம் பார்த்த தோட்டத்துக்கும் அவருக்கும் ஒரே வயது. கொய்சுமி என்ற சாமுராய்க் குடும்பத்தில் பிறந்து இனாகாகி என்ற மற்றொரு சாமுராய்க் குடும்பத்துக்குத் தத்துப் போனவர். அவரைப் பெற்ற தாய் சியே, மட்சுயே பிரபுவின் மூத்த அமைச்சர் ஒருவரின் மகள். அந்தக் குடும்பத்தின் பெயர் ஷியோமி. தெருவின் பெயரில் இருக்கிறதே, அதே பெயர். மானியம் நின்ற பிறகு செட்சுவின் தந்தை நெசவுத் தொழில் தொடங்கி நொடித்துப்போனார். செட்சு பதினோரு வயதளவில் பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்தார். சியேயின் பிற்கால வறுமை கொடியது. செட்சுவின் முதல் கணவர் அவரை விட்டுப் போய்விட்டார். 1891 தொடக்கத்தில் வெளிநாட்டு ஆசிரியரின் ஏரிக்கரை வீட்டுக்கு அவர் பணிப்பெண்ணாக வந்ததற்குப் பின்னால் இத்தனையும் இருந்தன. கோடையில் இருவரும் ஒன்றாக நெகிஷி வீட்டுக்குக் குடிவந்தார்கள். தாயின் குடும்பப் பெயரைத் தாங்கிய தெருவில், தம் வகுப்பைச் சேர்ந்தவரின் வீட்டில், அந்நியர் ஒருவரின் வாடகைப் பணத்தில் செட்சு குடியேறியபோது அவர் என்ன நினைத்தார் என்பது தோட்டத்தைப் பற்றிய கட்டுரையில் இல்லை. அதில் அவர் பெயரே இல்லை.

இருவருக்கும் பொதுமொழி கிடையாது. துணைச்சொற்களையும் வினைத்திரிபுகளையும் உதிர்த்துவிட்ட ஓர் எளிய ஜப்பானியத்தை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். மட்சுயேக்காரர்கள் அவரை 'ஹெருன்' என்று அழைத்தார்கள். அதனால் அந்த வீட்டு மொழிக்கு 'ஹெருன் சான் மொழி' என்று பெயர் வந்தது. அந்த மொழியில்தான் செட்சு அவருக்குக் கதை சொன்னார். நூலைப் பார்த்து வாசிக்கக் கூடாது, கதையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. அவர் எழுதிய ஜப்பானியப் பேய்க்கதைகள் பலவும் இந்த வழியாக வந்தவை. 1904இல் வெளிவந்த 'குவைதான்' தொகுப்பின் தலைப்புப் பக்கத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

அத்தொகுப்பின் முதல் கதை, காதுகளை இழந்த ஹோயிச்சி என்ற பார்வையற்ற பாணனைப் பற்றியது. அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், இருட்டிய பிறகும் ஹேர்ன் விளக்கேற்றாமல் அறையில் உட்கார்ந்திருப்பாராம். செட்சு அடுத்த அறையிலிருந்து தாழ்ந்த குரலில் ஹோயிச்சியின் பெயரைச் சொல்லி அழைப்பார். உள்ளேயிருந்து அவர், தாம் குருடன் என்றும் அழைப்பது யார் என்றும் கேட்பார். இது தோக்கியோவில், இந்த வீட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. 1914இல் வெளிவந்த செட்சுவின் நினைவுக் குறிப்புகளில் நமக்கு மிகவும் பிடித்த இடம். கேட்டு எழுதியவர் என்று முன்னர் சொன்னோமே, அவர் கேட்ட குரல் எது என்பது இதில் தெரிகிறது. 2025இல் ஜப்பானிய அரசுசார் தொலைக்காட்சியான என்.எச்.கே. செட்சுவை மாதிரியாகக் கொண்ட நாயகியை வைத்துக் காலைநேரத் தொடர் ஒன்றை ஒளிபரப்பத் தொடங்கியது. கதவு இந்த அளவுக்காவது திறந்ததே.

ஹேர்னை மிகையுணர்ச்சிக்காரர் என்று ஒதுக்குவது சுலபம், பலர் ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய ஜப்பான் அழிகிறதே என்று அவர் வருந்திய அதே நாட்களில், அதை மாற்றியமைக்கும் கல்வித்துறையின் சம்பளத்தில்தான் ஆங்கிலம் கற்பித்தார். குளிர் தாங்காமலும் இருநூறு யென் சம்பளத்துக்காகவும் 1891 நவம்பரில் குமாமோட்டோவுக்குப் போனார். தோக்கியோப் பல்கலைக்கழகம் 1903இல் அவரை விடுவித்தபோது அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர், லண்டனில் படித்துத் திரும்பியிருந்த நட்சுமே சோசெகி. புதிய ஜப்பானின் நாவலாசிரியர். முரண்பாடுகளை இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயினும் 1896இல் மனைவியும் பிள்ளையும் சட்டப்படி உரிமை இழக்கக் கூடாது என்பதற்காகத் தம் குடியுரிமையை விட்டு, மனைவியின் குடும்பத்தில் தத்துப் புகுந்து, நொடித்துப்போன ஒரு சாமுராய்க் குடும்பத்தின் பெயரைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டவர் அவர். வேடிக்கை பார்க்க வந்த பயணி இதைச் செய்ய மாட்டார்.

மாலை நான்கு மணியளவில் மற்றப் பார்வையாளர்கள் போய்விட்டார்கள். நாம் மட்டும் வடக்குத் தோட்டத்தைப் பார்த்தபடி இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். கால் மரத்துப் போயிருந்தது. பைன் கிளையிலிருந்து பனி சரிந்து பாசியில் விழுந்தது. அந்த ஓசை தவிர மதிலுக்கு உள்ளே வேறு சத்தம் இல்லை. பிறகு மூடிய கதவுகளுக்கு அப்பால், பலகைத் தரையில், யாரோ மெல்ல நடந்து போவது கேட்டது. பூட்டும் நேரமாகியிருக்கும். எழுந்து வந்து காலணிகளை மாட்டிக்கொண்டோம்.